ஓரத்துச் சிப்

எங்கள் தொழிற்சாலையில் செய்வது லேசர் சிப். கடுகைவிடச் சின்னது. கண்ணாடி இழைக்குள் பேச்சையும் படத்தையும் ஒளியாக ஓட்டுகிற பெட்டிகள் இருக்கின்றனவே, அவை ஒவ்வொன்றுக்குள்ளும் இது ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு தும்மல் போட்டால் ஒரு தட்டு சிப்பும் பறந்துவிடும் என்பதால் எங்கள் டெஸ்ட் ரூமில் சளி பிடித்தவர்களுக்கு இடமில்லை. அந்த ரூமுக்குப் பொறுப்பு நான். எனக்குச் சளி பிடித்தால் மட்டும் அது தூசி ஒவ்வாமை.

சிப்புக்குள் நீளவாக்கில் சீப்பின் பல் மாதிரி வரிவரியாகச் செதுக்கியிருக்கும். கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு பல்லும் ஒளியைத் துளியூண்டு திருப்பி அனுப்பும். தனியாக ஒரு பல்லால் ஒன்றும் ஆகாது. எல்லாப் பல்லும் சேர்ந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் வளரவிட்டு, மற்ற நிறங்களைத் தலையெடுக்க விடாமல் அடக்கிவிடும். ஒரே நிறமாக இருந்தால்தான் எத்தனை மைல் போனாலும் சேதி கலையாமல் போய்ச் சேரும். என் திரையில் அது ஒற்றை முள்ளாக நிற்கும். பக்கத்தில் இன்னொரு முள் எட்டிப் பார்த்தால் சிப் குப்பைக்குப் போகும். இருபது வருஷத்துக்கு மேலாக நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறவர். என் முகத்தை அவர் பார்த்த நேரத்தைவிட நான் முள்ளைப் பார்த்த நேரம் அதிகம்.

சிப்புகள் தனித்தனியாகப் பிறப்பதில்லை. நாற்பது சிப் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குச்சியாக வரும். அதைப் பார் என்போம். பாரின் முன் முகத்தில் ஒளி திரும்பாமல் வெளியே போவதற்கு ஒரு பூச்சு, பின் முகத்தில் ஒளி திரும்பி வருவதற்கு ஒரு பூச்சு. அதன் பிறகுதான் உடைத்துத் தனிச் சிப்பாக்குவோம். ஒவ்வொரு சிப்பின் தலையிலும் அது எந்தப் பார், அந்தப் பாரில் எத்தனையாவது என்று நம்பர் இருக்கும்.

அறைச் சூட்டிலும் கொதிக்கிற சூட்டிலும் எல்லாச் சிப்பையும் சோதிப்போம். கடுங்குளிரில் சோதிப்பதுதான் பெரும்பாடு. குளிர்த் தகட்டில் பனி படியாமல் காய்ந்த வாயுவை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டின் சூடு மெல்ல மெல்ல இறங்குவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் பாருக்கு ஒரு சிப், அதுவும் நடுவில் இருப்பது, என்று வழக்கம் வைத்திருந்தோம். ஏன் நடுவில் இருப்பது என்று யாரும் கேட்டதில்லை. சாமணத்துக்கு அதுதான் வாகாக வரும்.

என் மகள் அதே தொழிற்சாலையில் கோட்டிங் ரூமைப் பார்த்துக்கொள்கிறாள். பாரைக் கிளாம்ப் என்கிற பிடியில் மாட்டிப் பூசுவது அவள் வேலை, சோதனை என் வேலை. சாப்பாட்டு மேஜையில் தொழிற்சாலைப் பேச்சு வேண்டாம் என்று அவள் படிக்கிற காலத்திலிருந்தே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவளும் நான்தான், தினமும் மீறுகிறவளும் நான்தான். ஒரு நாள் அவள் மீறினாள்.

"புது கிளாம்ப் வந்ததுலேருந்து ஓரத்துல இருக்கற சிப்போட நிறம் வேற மாதிரி தெரியுதும்மா. மைக்ராஸ்கோப்ல பாத்தா நடுவுல நல்ல நீலம், ரெண்டு ஓரமும் வெளுத்திருக்கு. குளிர் டெஸ்டுக்கு ஓரத்துலேருந்து ஒன்னு எடுத்துப் பாரேன்."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்டி" என்றேன். "ஒவ்வொரு பருக்கையா நசுக்கிப் பாத்துட்டிருந்தா அப்புறம் சாப்பிடறது எதை?"

நான்தான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பிறகு கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு மாறியது. அவளுக்கும், எங்களிடம் சிப் வாங்கப்போகும் ஒரு புது கம்பெனியின் பரிசோதகருடைய மகனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துப் பழகி முடிவு செய்தார்கள். பெரியவர்கள் எங்களுக்கு மிச்சம் வைத்தது சரி என்று சொல்கிற வேலை மட்டும். சொன்னோம்.

அந்தப் புது கம்பெனி தன் பெட்டிகளை வெட்டவெளியில் கம்பத்தில் மாட்டுகிறது. இதுவரை எங்களிடம் வாங்கியவர்கள் எல்லாரும் பெட்டியைக் கட்டடத்துக்குள் வைத்தவர்கள். அவர்களுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. முதல் சரக்கை, அதாவது முதல் லாட்டைப் பார்த்து ஏற்றுக்கொள்ள அவர்கள் அனுப்பியது யாரை என்று நினைக்கிறீர்கள்? என் சம்பந்தியைத்தான்.

எங்கள் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "சம்பந்தியே வர்றார் மேடம். இனிமே நமக்கு என்ன கவலை" என்று டெஸ்ட் ரூமுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்த லாட் தேறினால் இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்பதும் உண்மை. எனக்கோ உறவு பார்த்து என் சிப்பை யாரும் பாஸ் போட வேண்டாம் என்று எரிச்சல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். என் சட்டியில் இருக்கிறது என்ற திமிர் எனக்கு.

சம்பந்தி மெலிந்த, அவசரமே அறியாத மனிதர். "நான் உறவாகப் போறேன், வேற ஆளை அனுப்புங்க" என்று தன் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருக்கிறார். லேசர் தெரிந்த ஆள் வேறு இல்லை, நீங்களே போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்து, எங்கள் கருவியில் ஒளியிழை மாட்டுகிற முனையைத் துடைத்தார். பார்த்தார். மறுபடி துடைத்தார். என் ரூம் பெண்கள் அவருக்குப் பஞ்சுக்குச்சி என்று பெயர் வைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் அதட்டினேன். ஆனால் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

"டீ குடிங்க" என்றேன்.

"லாட் முடியட்டும் மேடம்."

வீட்டில் சம்பந்தி, இங்கே மேடம். சரி, நீங்களும் இங்கே சார்தான் என்று நானும் விறைத்துக்கொண்டேன்.

சாம்பிள் பொறுக்கவே அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்து வைத்தார். மகனுக்குப் பெண் பார்க்கக்கூட இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார். அதில் அவருக்கு வேலையும் இருக்கவில்லை. முதல் தொகுதியை எங்கள் குளிர்த் தகட்டிலேயே வைத்துப் பார்த்தார். அத்தனையும் பாஸ். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கட்டை விரலைக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார் என்று நான் நினைத்தபோது, "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்று மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பி, இரண்டாவது தொகுதியைப் பொறுக்கினார்.

அதில் பாதிக்கு மேல் குளிரில் கெட்டுப்போயிற்று.

"முன் பக்கத்துப் பூச்சு சரியில்ல சார்" என்று முதலாளியிடம் சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "இந்த லாட்டை இப்படியே எடுக்க முடியாது."

முதலாளி அவரிடம் சிரித்த முகமாகத் தலையாட்டினார். அவரை விருந்தினர் அறையில் உட்கார வைத்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். சிரிப்பு போயிருந்தது.

"பூச்சாம். கோட்டிங் ரூமை மூடிடறேன் மேடம். வெளியில குடுத்துப் பூசி வாங்கிக்கலாம், எத்தனையோ பேர் பண்றாங்க. உங்க பொண்ணுன்னு பாக்க முடியாது. நாளைக்குக் காலைல முடிவு சொல்லியாகணும். அதுக்குள்ள அவர் சொன்னது தப்புன்னு காட்ட முடிஞ்சா காட்டுங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் இன்னும் அந்த வீட்டில் காலே எடுத்து வைக்கவில்லை. அதற்குள் மாமனார் பொன்குடத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று எனக்கு வயிறு எரிந்தது. என் மகளோடு சேர்த்து அந்த ரூமில் நாலு பேர். அவளுக்கு அந்த ரூம் உயிர். பூச்சு இயந்திரத்தின் சத்தம் மாறினால் வராந்தாவில் நடக்கும்போதே நின்றுவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் இதே வேலைதான் என்று மாப்பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சரி என்றவள். இந்த மனிதரோ ஒரு பஞ்சுக்குச்சியோடு வந்து அதைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

அவர் தப்பு என்று காட்டியே தீருவது என்று உட்கார்ந்தேன். கெட்டுப்போன சிப்புகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து நம்பரைப் படித்தேன். ஒன்று. நாற்பது. இரண்டு. மறுபடி ஒன்று. முப்பத்தொன்பது. கெடாமல் நின்றவற்றையும் படித்தேன்: மூன்று, முப்பத்தெட்டு. இரண்டாவது தொகுதியில் இருந்த எந்தச் சிப்பும் பாரின் நடுவிலிருந்து வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு அள்ளினால் இப்படி வராது. ஓரம் என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. இருந்தாலும் இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தட்டிலிருந்து அவர் தொடாத ஓரத்துச் சிப் ஒன்றை எடுத்துக் குளிர்த் தகட்டில் வைத்து, திரையின் முன் உட்கார்ந்தேன்.

முள் ஒற்றையாக நின்றது. குளிர் இறங்க இறங்க அது மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. அது சரிதான், எல்லாச் சிப்பும் அப்படித்தான் நகரும். ஆனால் பல்வரிசை நகர்கிற வேகம் ஒன்று, சிப்பின் உடம்பு விரும்புகிற நிறம் நகர்கிற வேகம் வேறு. குளிரில் உடம்பு வெகுதூரம் முன்னால் ஓடிவிடும். பல்வரிசை இங்கே வா என்று இழுக்கும், உடம்பு அங்கே போகிறேன் என்று அடம் பிடிக்கும். முன் முகத்துப் பூச்சு சரியாக இருந்தால் உடம்புக்கு வேறு வழியில்லை, அடங்கிவிடும். பூச்சு மெலிந்து போயிருந்தால் அந்த முகமே கண்ணாடியாகி ஒளியைத் திருப்பும், உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆடும். என் கண் முன்னாலேயே ஒற்றை முள் சரிந்தது. இடப்பக்கம் வெகுதூரத்தில் வேலிபோல் வரிசையாக முட்கள் எழுந்தன.

இன்னொன்றை வைத்தேன். அதுவும் அப்படியே. அதே பாரின் நடுச் சிப்பை வைத்தேன். ஆடாமல் அசையாமல் ஒற்றை முள். இத்தனை நாள் இந்த நடுச் சிப்பைப் பார்த்துத்தான் மொத்தப் பாருக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விருந்தினர் அறையில் சம்பந்தி தன் பஞ்சுக்குச்சிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓரத்துச் சிப்பா பாத்துப் பொறுக்கியிருக்கீங்க" என்றேன்.

"ஆமா."

"சாம்பிள்னா அப்படி எடுக்கக் கூடாது."

"விதிப்படி எடுத்தது முதல் தொகுதி. அது எல்லாம் பாஸ். அதோட நிறுத்தியிருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன்." பெட்டியை மூடினார். "நீங்க வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நீங்க சொன்னது சரி." "ஓரம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அன்று முதல் தடவையாக அவர் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு சொன்னா. போன வாரம் போன் பண்ணி, மாமா, ஓரத்தையும் பாருங்கன்னா. உன் ரூமுக்கே கெட்ட பேரு வரும், யோசிச்சுக்கோன்னு சொன்னேன். நீங்க இத மாட்டின பிறகு கம்பத்துல செத்துச்சுன்னா தொழிற்சாலையே இருக்காது மாமா, ரூம் எங்க இருக்கும்னு கேட்டா."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அது போய், வேறொன்று வந்து நெஞ்சை அடைத்தது. அவள் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பெற்றவள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, இன்னும் உறவே ஆகாத ஒருவருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி தானாகவே அந்த ஊகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் முட்டாள் இல்லை.

"முதல் தொகுதி பாஸ், ரெண்டாவது தொகுதி மட்டும் ஃபெயில். யாரோ உள்ளே இருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க மேடம். அது யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

மழுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அனுபவசாலி, அவரே கண்டுபிடித்தார் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அவள் பெயர் தப்பும், அவள் ரூம் தப்பாது. உண்மையைச் சொன்னாலோ இரண்டும் போகலாம்.

"சொன்னது கோட்டிங் ரூம் பொறுப்பாளர்தான் சார். என் பொண்ணு" என்றேன். "சம்பந்தி சொன்னதும் சரிதான். நானே வச்சுப் பாத்துட்டேன். ஓரத்துல ரெண்டு ரெண்டு சிப் குளிர்ல நிக்காது, நடுவுல இருக்கறது நிக்கும்."

முதலாளி வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"ரூமை மூடி வெளியில குடுங்க, வேணாங்கல. அவங்களும் கிளாம்ப் போட்டுத்தான் பூசுவாங்க. ஓரம் வெளுத்தா அவங்க உங்ககிட்ட வந்து சொல்வாங்களா? தன் வேலை போனாலும் பரவால்லன்னு சொல்ற ஆளை அனுப்பிட்டு, சொல்லாத ஆள்கிட்ட காசு குடுத்து வாங்கப் போறீங்க."

அவர் என்னையே பார்த்தார். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், போட்டார். "அவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

மகள் வெறுங்கையோடு வரவில்லை. பிளாஸ்டிக் பையில் புது கிளாம்ப் இருந்தது. அதை மேஜையில் வைத்து, பாரின் முனையைப் பிடிக்கிற உதட்டைக் காட்டினாள். பழையதைவிட அது தடித்திருந்தது. பூச்சு வருகிற வழியில் அதன் நிழல் பாரின் ஓரத்தில் விழுகிறது. உதட்டைச் சரிவாகத் தேய்த்துவிட்டால் போதும், கையில் இருக்கிற லாட்டிலும் நம்பர் பார்த்து ஓரத்தை மட்டும் ஒதுக்கினால் மிச்சம் எல்லாம் நல்ல சிப் என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. ஆனால் கிளாம்பைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று முதலாளி கேட்டார்.

"சொன்னேன் சார். புது கிளாம்ப் என்ன விலை தெரியுமான்னு கேட்டீங்க."

முதலாளி கிளாம்பை எடுத்து அதன் உதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். என் மகள், என் வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓரத்துச் சிப்புகளை ஒதுக்க என் ரூமும் அவள் ரூமும் சேர்ந்து உட்கார்ந்தோம். மிச்சமிருந்த லாட்டிலிருந்து சம்பந்தி மறுபடி சாம்பிள் எடுத்தார், மறுபடி முனையைத் துடைத்தார், மறுபடி குளிரில் வைத்தார். எல்லாம் நின்றது. குறைந்த எண்ணிக்கைக்கு அடுத்த லாட்டில் சேர்த்துத் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். கோட்டிங் ரூமைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை, திறக்காததே போதும். கையெழுத்துப் போட்ட பிறகுதான் சம்பந்தி டீ கேட்டார். இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நானும் மகளும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் பசியோடு சாப்பிட்டாள். ரூம் தப்பித்த நிம்மதி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கும் நிம்மதிதான். ஆனால் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கவில்லை. ஆறப்போடத் தெரிந்தவள் இல்லை நான். கேட்டுவிட்டேன்.

"எல்லாம் சரிடி. மாமனாருக்குப் போன் பண்ணிச் சொல்லத் தெரிஞ்சுது. முதலாளிகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. பெத்தவ நான், அந்த டெஸ்டையே பாக்கறவ நான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"சொன்னேம்மா. நீ பழமொழி சொன்ன."

எனக்கு ஞாபகம் வந்தது. இதே மேஜை, இதே நாற்காலி. நான் மட்டும் சிரித்ததும் ஞாபகம் வந்தது.